பொறி பறக்காத கம்ப்யூட்டர்

இசக்கிச்செல்வி கழுகுமலையில தீப்பெட்டி ஆபீசுக்குப் போறவ. புருசன் வெயிலுமுத்து பங்குனியில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தவர்தான், எந்திரிக்கலை. துட்டி கேக்க வந்தவிய, "ஒரு சொட்டுக் கண்ணீர் உண்டா பாரேன்"னு வாசல்லயே பேசுனாவ. பேசட்டும். அவளுக்கு அதுவும் உறைக்கலை, சோத்துல உப்பு இருக்கா இல்லையான்னும் உறைக்கலை.

வெயிலுமுத்துக்கு ஒரு கிறுக்கு உண்டு, புரோகிராம் எழுதுறது. லேத் பட்டறைக்காரருக்கு எதுக்கு இந்த வேலைன்னு ஊரே சிரிச்சுது. செல்போன்லயே ஒரு விளையாட்டை எழுதிக்கிட்டிருந்தார்: கம்பங்காட்டுல மேயுற ஆடு வேலியைத் தாண்டணும். அவர் விரல் தடிமன். அவர் சொல்லச் சொல்ல டைப் அடிச்சதெல்லாம் இவதான். பாழாப்போன ஆடு தாண்டவே இல்லை, முட்டிக்கிட்டு நின்னுது. எங்க தப்புன்னு பாக்கவும் அந்தச் சின்னத் திரை பத்தலை.

"ஏட்டி, ஒரு கம்ப்யூட்டர் வாங்குவமா?"ம்பார்.

"என் சேலையெல்லாம் தீக்குச்சி மருந்து. பொறி கிளம்புச்சுன்னா வீட்டோட போவோம்"னுருவா. ஆபீஸ் வாசல்லயே செல்போனைக் குடுத்துட்டுப் போற பிழைப்பு, பயம் இருக்காதா என்ன? அவரும் பழையபடி செல்போனை எடுத்துக்கிருவார்.

இப்ப அவளே கோவில்பட்டிக்கு பஸ் ஏறுனா. அந்த ஆட்டைத் தாண்ட வச்சிரணும், அவ்வளவுதான்.

பழைய கம்ப்யூட்டர் விக்கிற வன்னியபெருமாள், "கேம் ஆடவாக்கா?"ன்னு கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி, எழுத."

பேட்டரி செத்த லேப்டாப் ஒண்ணு, பெட்டி மாதிரி பெருசு ஒண்ணு, டிவியில மாட்டுற கையகலச் சின்னது ஒண்ணுன்னு எடுத்து வச்சார். "புரோகிராம் பழக இந்தச் சின்னதே தாராளம். விலையும் கம்மி."

அவ அதைத் தடவிப் பாத்துட்டு, "பொறி வருமா?"ன்னா.

வன்னியபெருமாள் நிமிந்து பாத்தார். "கழுகுமலையா நீங்க? அங்க இருந்து வந்த லேத்துக்கார அண்ணாச்சி ஒருத்தர், வீட்டுக்காரி சேலையில மருந்துன்னு, இதேதான் கேட்டாவ. பொறியெல்லாம் வராது, வேலைச் சேலைய மாத்திட்டு உக்காந்தாப் போதும்னேன். இந்தச் சின்னதைத்தான் பிடிச்சுப்போச்சு அவியளுக்கு. வாங்கிட்டுப் போங்கன்னா, 'எனக்குப் புரிஞ்சுது, அவளுக்குப் பயம் தெளியட்டும். பயந்துக்கிட்டே அவ டைப் அடிக்க வேண்டாம்'னுட்டுப் போனாவ. பெறகு ஆளையே காணோம். நல்லாருக்காவளா?"

இசக்கிச்செல்விக்கு அப்பத்தான் உடைஞ்சுது. கடை நடுவுல, அத்தனை பேர் முன்னால, ஓன்னு அழுதா.

பெறகு முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "அவியளுக்குப் பிடிச்சதையே குடுங்க"ன்னா.