சாம்பாருக்கு ஒரு ட்ரெய்லர்

என் வீட்டுக்காரர் இருபது வருஷமாக எண்ணூர் பக்கம் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறார். நாற்பதடி வண்டியிலிருந்து ஒருநாளும் விழாத மனிதர், விம்கோ நகர் வீட்டு பாத்ரூமில் வழுக்கி இடது கையை உடைத்துக்கொண்டார். அதுவும் என் முதல் வெளி ஆர்டருக்கு இரண்டு நாள் முன்னால்.

அதுவரை தெருமுனையில் தள்ளுவண்டி போட்டு இட்லி விற்றுக்கொண்டிருந்தேன். மாத்தூரில் ஒரு கிரகப்பிரவேசம், அறுபது பேருக்குக் காலை டிபன். எட்டு மணிக்குச் சூடாக வரவேண்டும் என்று அந்த வீட்டம்மா இரண்டு தடவை சொல்லியிருந்தார். நல்லபடியாக முடிந்தால் இன்னும் நாலு வீட்டில் கூப்பிடுவார்கள். சொதப்பினால் மறுபடி தெருமுனைதான். பயத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

எங்கள் பழைய ஆட்டோவின் பின்னால் கொக்கி வைத்து, தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. அவர் ஓட்டுவதாக இருந்தது, இப்போது நான். சும்மா இருப்பாரா மனுஷன்? கட்டுப்போட்ட கையோடு மேற்பார்வைக்குக் கிளம்பிவிட்டார்.

இறக்க வசதியாக இருக்கட்டுமே என்று சாம்பார் குண்டானை வண்டியின் கடைசியில் வைத்தேன்.

"இன்னாமே, பாரத்த வாலாண்ட வெச்சிகீற? மூக்கு தூக்கிக்கும், வண்டி பாம்பு மாரி ஆடும். முன்னாடி தள்ளு."

தள்ளினேன். அவர் சொன்னது சரிதான், அதுதான் எரிச்சல். பிறகு லாரி பெல்ட்டால் குண்டானை இறுக்கிக் கட்டவைத்தார். கொக்கி கழன்றால் பிடிக்க ஒரு சங்கிலி. பின்னால் சிவப்புத் துணி வேண்டுமாம். கொடியில் காய்ந்த என் சிவப்பு ஜாக்கெட்டை உருவிக் கட்டிவிட்டார். என் மானம் கப்பலேறியது, அதுவும் துறைமுகத்துக்கு எதிர்த்திசையில்.

சீட்டில் பின்பக்கம் பார்த்து முட்டி போட்டுக்கொண்டு வந்தார்.

"முன்னாடி போற வண்டிக்கு கேப் வுடு. பின்னாடி லோடு கீது, டக்குனு நிக்காது."

விட்டேன். அந்த கேப்பில் ஒரு ஷேர் ஆட்டோ நுழைந்தது. அதற்கும் கேப் விட்டேன். இன்னொன்று நுழைந்தது. இப்படியே விட்டுக்கொண்டிருந்தால் பின்னாலேயே போய் வீடு சேர்ந்திருப்போம்.

எப்படியோ ஏழே முக்காலுக்கு மாத்தூர் வந்துவிட்டோம். வீடு முட்டுச்சந்தின் கடைசியில். உள்ளே போனால் திருப்ப இடமில்லை, ரிவர்ஸில்தான் போகவேண்டும் என்றார். இறங்கிப் பின்னால் போய் நின்று நல்ல கையைத் தூக்கினார்.

"ரைட்... ரைட்..."

நான் வலது பக்கம் ஒடித்தேன். ரிவர்ஸில் வண்டி இடது பக்கம் போய், சந்து முனையில் கட்டியிருந்த வாழைமரத்தை உரசியது.

"ஓல்டான்! ஓல்டான்! நிப்பாட்டுமே! ரைட்டுன்னா போன்னு அர்த்தம்மே!"

"அப்போ ரைட்ல திருப்பறதுக்கு இன்னாய்யா சொல்லுவ?"

யோசித்தார். "என் க்ளீனருக்குப் புரியும்."

மூன்று தடவை முயன்றோம். பூஜைக்கு வந்திருந்த பசுமாடு ஆற அமர என் ஜாக்கெட்டை மென்றுகொண்டிருந்தது. எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம்தான் பாக்கி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டம்மா வெளியே வந்து பார்த்தார்.

"ஏம்மா, அது தள்ளுவண்டிதானே? தள்ளிகினு வரக்கூடாதா?"

நாங்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்கவில்லை. தினமும் நான் தள்ளுகிற வண்டி. கொக்கி மாட்டியதும் இரண்டு பேருக்கும் அது ட்ரெய்லராகிவிட்டது. கொக்கியைக் கழற்றி, இருபது அடி தள்ளிக்கொண்டு போனேன்.

பெல்ட்டை அவிழ்த்து மூடியைத் திறந்தால் ஆவி பறந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. இலை போட்டாயிற்று, மணி சரியாக எட்டு. எனக்கு உயிர் வந்தது.

அவர் மட்டும் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு, சாப்பிடுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கை வலிக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லமே. இருபது வருசமா லோடு ஏத்தினு போறேன். சீல் போட்டுக் குடுப்பாங்க, சீலோட வுட்டுட்டு வந்துடுவேன். உள்ள இன்னா கீதுன்னு ஒருநாளும் பாத்ததில்ல."

வாளியை நான் பிடித்துக்கொண்டு, கரண்டியை அவர் கையில் கொடுத்தேன். முதல் இலையிலேயே இட்லி மிதக்க ஆரம்பித்தது. சாப்பிடுகிறவர் இலையைக் கையால் மறைத்துக்கொண்டு, "ஓல்டான், நைனா, ஓல்டான்!" என்று கத்தினார்.

என் வீட்டுக்காரர் கேட்பதாக இல்லை. "ரைட், ரைட்" என்று ஊற்றிக்கொண்டே போனார்.