கிடா வெட்டிய பிறகு ஒரு மாத்திரை

கிருமி அகப்படவில்லை என்று டாக்டர் சொன்னதும் என் அண்ணன் எழுந்து கும்பிட்டுவிட்டான். அதற்கு மேல் அவர் சொன்ன ஒரு வார்த்தையும் அவன் காதில் ஏறவில்லை.

2006ஆம் வருஷம். எச்.ஐ.வி.க்கு நான் மாத்திரை ஆரம்பித்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது. உடம்பு தேறி, பழைய ரவிக்கையெல்லாம் பிடிக்க ஆரம்பித்திருந்தது. வெளியூருக்கு அனுப்பிய ரத்தத்தின் முடிவு வந்துவிட்டது என்று திருச்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"அகப்படலன்னா இல்லேன்னு அர்த்தம் இல்லம்மா" என்றார் டாக்டர். "நோயை எதிர்க்கிற வெள்ளை அணு இருக்குல்ல, அதுல சிலது தூங்கிக்கிட்டே கெடக்கும். கிருமி அதுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கும். பெருகுற கிருமியத்தான் மாத்திரை தடுக்கும். தூங்குறதைத் தொட முடியாது. நிறுத்தினா எழுந்து வந்துடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காவலுக்கு வைத்த ஆள் வீட்டிலேயே திருடன் படுத்துக் கிடக்கிறானாம்!

"அதை எப்ப சார் புடிப்பீங்க?"

"அதுக்கு மருந்து இன்னும் வரலம்மா."

சிமெண்ட் லாரி ஓட்டிய என் புருஷன் எனக்கு விட்டுப்போன ஒரே சொத்து இது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் ஆயுசுக்கும் விழுங்கிக்கொண்டிருக்க வேண்டும். எந்த ஊர் நியாயம் இது?

திருமானூர் பஸ்ஸிலேயே அண்ணன் கிடா பார்க்கக் கிளம்பும் நாளைக் குறித்துவிட்டான். நான் எலும்பும் தோலுமாகக் கிடந்தபோது எங்கள் குலசாமி கருப்புக்கு அவன் நேர்ந்துகொண்டது. மாமியார் வீட்டில் துரத்திவிட்ட என்னைக் கூட்டிவந்தவன் அவன்தான். அதை மறக்க மாட்டேன். ஆனால் அவன் வீட்டில் எனக்குக் கொல்லைப்பக்கம் தனித் தட்டு, தனி டம்ளர். அண்ணி கரண்டியை உயரத் தூக்கிச் சோற்றைப் போடுவாள். கரண்டி என் தட்டில் பட்டுவிடக் கூடாதாம். சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது என்று ஆஸ்பத்திரியில் அவளையும் உட்காரவைத்துச் சொன்னதுதான்.

குணமாகிவிட்டது என்று அண்ணன் சொன்ன சேதியைக் கேட்ட அன்றே அந்தத் தட்டை எடுத்துப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாள். "வா புள்ள, உள்ள வந்து சாப்பிடு" என்றாள். அழுதுகொண்டே தின்றேன். ஒரு வாய் சோற்றுக்கு அப்படி அழ வைத்துவிட்டார்களே என்று இப்போதும் வயிறு எரிகிறது.

எங்கள் பங்காளிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. நேர்த்திக்கடன் செலுத்திவிட்டால் அந்த நோய்க்கு மருந்து தொடக் கூடாது. தொட்டால், சாமி கொடுத்த குணத்தைத் திருப்பிக் கொடுத்த மாதிரி.

தா.பழூர் பக்கம் எங்கள் கோயிலில் கிடா வெட்டி, பந்தி போட ராத்திரி எட்டு மணியாகிவிட்டது. எட்டு மணிதான் என் மாத்திரை நேரம். அண்ணி எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தாள். கோயிலுக்குப் பின்னால் போய் யாருக்கும் தெரியாமல் விழுங்கியிருக்கலாம். உடம்புக்குள் கிருமி ஒளிந்திருப்பது போதாதா? நானுமா ஒளிய வேண்டும்? முந்தானை முடிச்சை அவிழ்த்தேன்.

"என்ன புள்ள அது?"

"மாத்திரை, அண்ணி."

அண்ணன் கறிக்குழம்பு வாளியோடு ஓடிவந்தான். "அடிப்பாவி! குணமாயிடுச்சுன்னுதானே வெட்டினோம்?"

"யாருண்ணே சொன்னது குணமாயிடுச்சுன்னு? டாக்டர் சொல்றப்ப நீயும் குத்துக்கல்லாட்டம் அங்கதானே இருந்த? ஒளிஞ்சு கெடக்குன்னாரு. இதை நிறுத்தினா அது எழுந்துக்கும், நான் படுத்துடுவேன். அப்புறம் எந்தக் கிடாவை வெட்டுவ?"

அண்ணி தன் இலையைப் பிடித்து இழுத்து நகர்ந்தாள். அவளுக்கு அடுத்தவளும் நகர்ந்தாள். நாலு பேர் உட்காரும் இடத்தில் நான் ஒருத்தி.

மாத்திரையை விழுங்கினேன். எழுந்து போய்விடுவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். போவேனா?

"அண்ணே, ரெண்டு துண்டு போடு."

நின்றபடியே என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து போட்டான். கரண்டி என் இலையில் பட்டது. அவன் எடுக்கவில்லை.

ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றேன். என் உயிருக்கு வெட்டின கிடா, நான் தின்னாமல் வேறு யார் தின்பது?