பூட்டு வெளியே தொங்கிய இல்லம்

1. டிஸ்சார்ஜ் நின்றது

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் நான் மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர். குணமானவர் அடுத்து எங்கே போய் வாழ்வார் என்று பார்ப்பது என் பொறுப்பு. "இல்லத்தை நல்லா நடத்தறாங்களே, பதிவு இல்லேன்னா அங்க அனுப்ப ரெஃபரல் எழுதக் கூடாதா?" என்று புதிதாக வேலைக்கு வருபவர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு ரஹீம் பாயின் டிஸ்சார்ஜைத்தான் சொல்வேன்.

ரஹீம் பாய் பாலக்கரையில் தையல்காரராக இருந்தவர். முன்பு ஓர் இல்லத்தில் அவரை அறைக்குள் விட்டு வெளியே பூட்டி வைத்திருந்தார்கள். அதனால் தினமும் ஒரே கேள்வி: "எங்க வேணாலும் போறேன் மேடம். அங்க வெளியில பூட்டுவாங்களா?"

துபாயில் இருக்கும் அவருடைய அக்கா மகன் மண்ணச்சநல்லூரில் ஓர் இல்லத்தைக் கண்டுபிடித்தார். விசாரித்தேன், அதற்கு அரசிடம் மனநல இல்லமாகப் பதிவு இல்லை.

"பேஷன்ட் ரெடி, இடம் ரெடி. உங்க கையெழுத்துதான் பாக்கி," என்றார் டாக்டர்.

"பதிவு இல்லாம மனநோயாளிகளை வெச்சுப் பராமரிக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு சார். தெரிஞ்சே நாம எப்படி அனுப்பறது?"

"அப்ப நீங்களே பதிவு வாங்கிக் குடுங்க! அதுவரைக்கும் அவர் பெட் இங்கயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன். ரொம்ப இழுக்காதீங்க."

கிண்டலாகத்தான் சொன்னார். நான் மறுநாளே மண்ணச்சநல்லூருக்கு பஸ் ஏறினேன்.

2. எதிர்க்கடையில் சாவி

இல்லத்தின் கேட்டில் வெளிப்பக்கம் பெரிய பூட்டு. "செல்வியக்கா மார்க்கெட் போயிருக்காங்க. சாவி எங்கிட்டதான் இருக்கு," என்றார் எதிரே இருந்த டீக்கடைக்காரர்.

இல்லத்தை நடத்தும் செல்வி முன்னாள் நர்ஸ்; வந்ததும் என்னை உள்ளே அழைத்துப் போனார். உள்ளே எல்லாம் சுத்தம், சாதத்தில் ஆவி பறந்தது. பதிவு பற்றிக் கேட்டதும் முகம் மாறியது.

"ரைஸ் மில்லுக்கு லைசென்ஸ் கேளுங்க, நியாயம். பாசமா சோறு போடறதுக்குமா மேடம்?"

"பூட்டிட்டுப் போனீங்களே, தீப்பிடிச்சா?"

"பூட்டலைன்னா, இங்க இருக்கற ஸ்ரீரங்கத்து மாமா தன்னோட வீட்டுக்குக் கிளம்பிடுவாரு மேடம். ஒரு தடவை கொள்ளிடம் பாலம் வரைக்கும் போயிட்டாரு."

"சரி. டீக்கடைக்காரரும் கடையைச் சாத்திட்டுப் போயிருந்தா?"

செல்வி எதிர்க்கடையைத் திரும்பிப் பார்த்தார். "என்னென்ன பண்ணணும், சொல்லுங்க," என்றார்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஓட்டமான ஓட்டம். தீயணைப்புக் கருவி வந்தது. பின்பக்கச் சுவரில் இரண்டாவது வாசல் திறந்தது. செல்வி வெளியே போகும் நேரத்தில் இருப்பதற்கு ஓர் ஆள் சேர்ந்தார். கேட்டில் பூட்டுக்குப் பதில் உள்பக்கம் தாழ்ப்பாள். சாயங்காலம் மாமாவைக் கடைத்தெருவரை நடக்கக் கூட்டிப்போவதும் வழக்கமாயிற்று.

3. ஆய்வு நாள்

பதிவுக்கு விண்ணப்பித்த பிறகு அதிகாரிகள் வந்து ஒவ்வோர் அறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது மாமா எழுந்து விறுவிறுவென்று கேட்டை நோக்கி நடந்தார். அது திறந்தே கிடந்தது. செல்வி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். போச்சு, இவர் தெருவில் இறங்கினால் பதிவும் இல்லை, ரஹீம் பாய்க்கு இடமும் இல்லை!

"எங்க கிளம்பிட்டீங்க?" என்று பெண் அதிகாரி குரல் கொடுத்தார்.

மாமா திரும்பி முறைத்தார். "ஆடு உள்ளே வந்து துளசியை மேயறது. இத்தனை பேர் வந்தேளே, ஒருத்தருக்காவது கதவைச் சாத்தணும்னு தோணித்தோ?"

ஆட்டை விரட்டினார், கேட்டைச் சாத்தினார், தாழ்ப்பாளை உள்பக்கம் போட்டார். துளசியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அதிகாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது!

பதிவுச் சான்று கைக்கு வந்த அன்றே ரெஃபரல் எழுதினேன். "நிஜமாவே வாங்கிட்டீங்களா!" என்று டாக்டர் எழுந்து நின்றுவிட்டார்.

சட்டம் கேட்பது பாசம் இருக்கிறதா என்று அல்ல. பாசமானவர் மார்க்கெட் போயிருக்கும்போது உள்ளே இருப்பவர் என்ன ஆவார் என்று. புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் கேட்டைப் பாருங்கள், பிறகு சமையலறையைப் பாருங்கள்.

ரஹீம் பாயை நானே அழைத்துப் போனேன். கேட்டைத் தாண்டியதும் அவர் நின்றார். தாழ்ப்பாளைப் போட்டார், எடுத்தார். மறுபடி போட்டு, மறுபடி எடுத்தார். அதற்குப் பிறகுதான் பையைக் கீழே வைத்தார்.

"சரி மேடம். நீங்க போயிட்டு வாங்க. நானே சாத்திக்கறேன்."