டப்பாவை ஆட்டிக் கேட்பவர்

டப்பாவை இடது காதருகே பிடித்து, மருந்துப் புட்டியைக் கலக்குவதுபோல் மூன்று முறை ஆட்டுகிறார் தூரிட். மூன்றுதான், நான்காவது கிடையாது. உள்ளே, அறுவை சிகிச்சையில் எடுத்த எலும்புத் துணுக்குகள் ஃபார்மலினில் கிடக்கின்றன. எலும்பென்றால் கூழாங்கல் உருளும் சத்தம் வரும். "இது இடுப்பு", "இது வயசான எலும்பு" என்று முணுமுணுத்தபடி, எலும்பை இளக்கும் அமிலத்தில் ஊறவேண்டிய வரிசையில் வைப்பார்.

நார்வேயின் பெர்கன் நகரில் எங்கள் திசு ஆய்வுக்கூடத்தில் முப்பத்தோரு வருடமாகத் திசு சீவுகிறார். மெழுகில் உறைந்த திசுவைத் தலைமுடியைவிட இருபது மடங்கு மெல்லியதாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் ஏந்துகிற வேலை. பதினொன்றரைக்குச் சாப்பாடு: இரண்டு துண்டு ரொட்டி, பழுப்புப் பாலாடைக்கட்டி, இடையில் ஒரு வெண்ணெய்த்தாள். அந்தத் தாளை மடித்து எடுத்துப்போய் மறுநாளும் கொண்டுவருவார். வாரக் கடைசியில் எல்லோருக்கும் சுடுகிற வாஃபிள் மாவில் ஏலக்காய் கூடிவிட்டது என்று அவர் சொல்லாத வெள்ளிக்கிழமையை நான் பார்த்ததில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. டப்பாவின் சீட்டில் ஆய்வுக்கூட எண்ணை இரண்டு முறை சரிபார்ப்பார்; நோயாளியின் பிறந்த தேதியைக் கட்டைவிரலால் மூடிக்கொள்வார். "வயசு தெரிஞ்சா கை அவசரப்படும். சின்ன வயசுன்னா கேக்கவே வேணாம்." அவர் அலமாரியில் எல்லா டப்பாவும் சீட்டைச் சுவர்ப்பக்கம் காட்டி நிற்கும்.

போன திங்கட்கிழமை ஒரே நோயாளியின் இரண்டு டப்பாக்கள் கையில் இருந்தன. முதுகுத் தண்டை ஏதோ ஒன்று அழுத்தி, கால் வலுவிழந்துபோன ஆள். அறுவை சிகிச்சையில் எடுத்ததில் மிருதுவானது ஒரு டப்பாவில், கெட்டியானது 'எலும்பு' என்ற சீட்டுடன் மற்றதில். முதல் டப்பாவில் இருந்ததை நுண்ணோக்கியில் பார்த்த மருத்துவர் எஸ்பெனுக்கு வெறும் வடுத்திசுதான் கிடைத்தது. புற்றா இல்லையா என்று சொல்ல அது போதாது. வியாழனன்று மறுபடி முதுகைத் திறப்பதென்று முடிவாகியிருந்தது.

தூரிட் இரண்டாவது டப்பாவை ஆட்டினார். மூன்று முறை. பிறகு நான்காவது முறை.

"எஸ்பென், இங்க வா. இது எலும்பு இல்ல. சாக்பீஸ் மாதிரி மொத்துமொத்துங்குது."

"காதை வெச்சு நோய் கண்டுபிடிக்க எங்க படிச்ச, தூரிட்?"

"கண்ணை வெச்சு நீ என்னத்தைக் கண்டுபிடிச்ச? வடுதானே?"

எஸ்பென் சிரித்துவிட்டார். எலும்பில்லையென்றால் தண்டை அழுத்தியதே அதுவாக இருக்கலாம். டப்பா வரிசையைத் தாண்டி முன்னால் வந்தது.

சுண்ணாம்பைக் கரைக்காமல் சீவினால் கத்தி போய்விடும். மென்மையான அமிலத்துக்கு இரண்டு நாள் பிடிக்கும். செவ்வாயன்று அறுவை சிகிச்சை நிபுணர் தொலைபேசியில் வந்தார்: கடுமையான அமிலத்தில் போட்டால் இன்றைக்கே முடியாதா?

"முடியும். அப்புறம் சாயம் பிடிக்காது. வெறும் வெளுத்த கண்ணாடிதான் உனக்கு வரும், பரவாயில்லையா?"

புதன்வரை பொறுப்பதாகச் சொல்லி அவர் வைத்துவிட்டார்.

புதன் மதியம் இரண்டு மணிக்குச் சீவ உட்கார்ந்தார். அப்போதும் கத்தி கரகரத்தது. நிறுத்தினார். மெழுகுக் கட்டியைப் பனிக்கட்டிமேல் கவிழ்த்துவைத்தார். கத்தியைச் சற்று நகர்த்திப் புது விளிம்புக்கு மாற்றினார். ஏழு சீவல்கள் கிழிந்தன. எட்டாவது நீரில் சுருக்கமில்லாமல் விரிந்தது. எழுந்துபோய்க் காப்பி குடித்தார்.

சாயமேற்றிய கண்ணாடியை எஸ்பென் வெகுநேரம் பார்த்தார். சுண்ணாம்புக் குவியல், அதைச் சுற்றி வேலி கட்டினாற்போல் செல்களின் வரிசை. தடித்த புத்தகமொன்றைப் புரட்டினார். பக்கத்து அறை மருத்துவரையும் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

"கட்டி மாதிரி வேஷம் போடுது, புத்து இல்ல. எங்கயும் பரவாது. பதினாலு வருஷத்துல இப்பதான் ஒண்ணு பாக்கறேன்" என்றார் எஸ்பென். அழுத்திக்கொண்டிருந்ததையெல்லாம் முதல் தடவையே எடுத்தாகிவிட்டது. அங்கிருந்தே தொலைபேசியில் அறுவை சிகிச்சை நிபுணரிடம் விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டுத் திரும்பினார். "கேட்டியா தூரிட்? நாளைக்கு ஆப்பரேஷன் இல்ல."

"கேட்டுது. என் காதுக்கு ஒண்ணும் இல்ல."

மேசையைத் துடைத்தார். டப்பாவை எடுத்தார். கட்டைவிரலை விலக்கிப் பிறந்த தேதியை வாசித்தார். பிறகு, சீட்டு வெளியே பார்க்கும்படி அதை அலமாரியில் வைத்தார்.