சிவப்புக் காம்புப் பனை

சித்தூர் மிஷன் காம்பவுண்டில் ரூத்தம்மாவின் பனையைத் தெரியாதவர் கிடையாது. தொண்ணூற்றாறில் சிங்கப்பூர் வேலைக்குப் போன மகன் எட்வின், முதல் லீவில் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த கன்று அது. காம்பெல்லாம் பழுத்த மிளகாய்ச் சிவப்பு. எப்போதும் மழை பெய்யும் ஊரின் செடி, இங்கே ஒரு கோடைகூடத் தாங்காது என்றார் திருப்பதி நர்சரிக்காரர்.

ரூத்தம்மா அதைக் குளிக்கிற தண்ணீர் ஓடும் இடத்தில் நட்டு, கத்திரி வெயிலுக்கு ஈரச் சாக்கில் பந்தல் போட்டாள். அருகில் போனால், அவன் பெட்டியைத் திறந்த அன்றைய சோப்பு வாசனை இன்னும் வருவதுபோல இருக்கும். குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை கேட்டு வந்த சர்ச்சுக்காரர்களை, “ஆண்டவரே கழுத மேல வந்து கேட்டாலும் தர மாட்டேன், போங்க!” என்று விரட்டினாள்.

பனை ஆளுயரம் வளர்ந்தது. எட்வின் வருவதுதான் குறைந்துகொண்டே போனது. ஒரு நாள் போனில் சிரித்தான்.

“இன்னுமா அதுக்குத் தண்ணி ஊத்திக்கினு இருக்க? இங்க ரோட்டோரமெல்லாம் அதாம்மா. ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க.”

ரூத்தம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“உன்ன மட்டும் அங்க யாருடா திரும்பிப் பாக்கறாங்க? வந்துடு. இங்க பாக்கறதுக்கு நான் இருக்கேன்.”