அவள் கால் பெடலில்தான் இருந்தது

என் மனைவி கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. அன்றே சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் இது. அன்று நான் இதற்கு நேர்மாறாகச் சொன்னேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலையில் பராமரிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் எந்திரங்கள் என் பொறுப்பு. குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் எந்திரம் சொன்னபடி கேட்காது. எண்ணெய் நசுங்காது, காற்று நசுங்கிவிடும். நாம் கொடுக்கும் அழுத்தம் வழியிலேயே தொலைந்துபோகும். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதை வருடந்தோறும் பாடமாக எடுத்திருக்கிறேன். ஆகவே எங்கள் காரின் கிளட்ச் பெடல் ஒரு நாள் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனபோது, மெக்கானிக்கைக் கூப்பிடுவது எனக்கு அவமானமாகப் பட்டது.

அந்தக் கார் அப்போது அவளுடையதாகிவிட்டிருந்தது. கண்புரை அறுவைக்குப் பிறகும் எதிரே வரும் வண்டிகளின் விளக்குகள் எனக்குச் சிதறித் தெரிந்தன. அறுபதை நெருங்கும் வயதில் அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பதறாமல் ஓட்டுவாள். பள்ளிப்பட்டில் அவள் தங்கை இருக்கிறாள், பிறந்த வீட்டு நிலமும் இருக்கிறது. முன்பு பஸ் மாறி மாறிப் போய் இடுப்பு வலியோடு திரும்புவாள். கார் ஓட்டிக்கொண்டு முதல்முறை தனியாகப் போய்வந்த அன்று, டிக்கியிலிருந்து அரிசி மூட்டையை என்னை இறக்கச் சொல்லிவிட்டு, “உங்கள நம்பினு இருந்தா பஸ் ஸ்டாண்ட்லயே எனக்கு நர வந்திருக்கும்” என்றாள். ஏற்கெனவே நரைத்திருந்த தலை அது. இருவரும் சிரித்தோம்.

கிளட்ச் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்து எண்ணெய் கசிந்திருந்தது. ரப்பரை மாற்றினேன். அதன்பின் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். மெக்கானிக்குகள் ஏர் எடுப்பது என்பார்கள். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். மற்றவர் கியர் பெட்டியின் மேலிருக்கும் சிறிய நிப்பிள் திருகைத் தளர்த்தி, காற்றும் எண்ணெயும் வெளியேறியதும் இறுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உள்ளே இருப்பவர் காலை எடுக்கலாம். மருந்துக் கடையில் வாங்கிய சலைன் குழாயை நிப்பிளில் மாட்டி, மறுமுனையைக் காலித் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டிருந்தேன்.

“இன்னாங்க இது, ஐசியூ மாதிரி கீது. பொழைக்குமா?” என்றாள் டிரைவர் இருக்கையிலிருந்து.

“பேசாம அமுக்கு.”

“அமுக்கிட்டேன்.”

“புடிச்சிக்கோ. ம், விடு.”

“உட்டேன்.”

இப்படியே வெகுநேரம் போயிற்று. முதலில் குழாயில் குமிழிகள் ஓடின. பிறகு குறைந்தன. கடைசியில் தெளிவான எண்ணெய் மட்டும் வந்தது. நான் நிமிர்ந்து, எண்ணெய்த் தொட்டியைப் பார்த்தேன். வெள்ளை நிறப் பிளாஸ்டிக் தொட்டி. பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே தொட்டிதான். பாதிக்கு மேல் எண்ணெய் இருந்தது. போதும் என்று மூடினேன்.

“முடிஞ்சிது” என்றேன்.

அவள் பெடலை மறுபடி அமுக்கிப் பார்த்தாள். “இல்லீங்க. இன்னும் மெத்துனுதான் கீது. சேத்துல கால வெச்ச மாதிரி.”

“குமிழி நின்னுடுச்சி. நான் கண்ணால பாத்தேன்.”

“எனக்குக் கால்ல தெரியுதே.”

“ஆப்பரேஷன் பண்ண கண்ணுதான், ஆனா உன் கால விட நல்லா பாக்கும்” என்றேன். அவள் சிரிக்கவில்லை. பெடலில் காலை வைத்தபடியே திறந்த கதவு வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பக்கத்து வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், என்னைவிட மிகவும் இளையவர். அன்று அவருக்கு விடுமுறை. கையில் டீ டம்ளர் இருந்தது.

“இன்னா சார், ஆப்பரேஷன் சக்சஸா?”

“உங்க அக்கா ஒத்துக்க மாட்டேங்கறா.”

“அக்கா சொன்னா கரெக்டா இருக்கும் சார். நீங்க ரிட்டையர்டு, அவங்க டூட்டில கீறாங்க.”

என் தோள்வலி அவருக்குத் தெரியும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குழாயையும் பாட்டிலையும் எடுத்து ஓரமாக வைத்து, எஞ்சின் மேலிருக்கும் பானட்டை மூட அவரே போனார். கார் மதில்சுவரைப் பார்த்து நின்றிருந்தது. சுவருக்கும் காருக்கும் இடையில் ஓர் ஆள் நிற்கும் இடம்தான்.

நான் டிரைவர் பக்கத்துக் கதவருகே வந்தேன். கதவு திறந்திருந்தது. அவள் சொன்னது தவறு என்று உடனே காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. எஞ்சினை ஓடவிட்டு, பெடலைச் சில தடவை அமுக்கிவிட்டு, முதல் கியரைப் போடச் சொன்னேன். கியர் கரகரவென்று முனகிக்கொண்டு விழுந்தது. அந்தச் சத்தம் என்னவென்று எனக்குத் தெரியும். கிளட்ச் முழுதாக விலகவில்லை என்று அர்த்தம். தெரிந்தும் குனிந்து நானே ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். கார் நகரவில்லை.

“பாத்தியா” என்றேன். “லேசா ஆக்சிலேட்டர் குடு. கிளட்ச எடுக்காத.”

அவள் கொடுத்தாள். முன்னால் பானட் மூடப்படும் சத்தம் கேட்டது. அதே நேரத்தில் கார் நகர்ந்தது. பாய்ந்தது என்று சொல்ல முடியாது. மெதுவாக, ஏதோ முடிவெடுத்துவிட்டதுபோலப் போனது. நான் அவள் கால்களைப் பார்த்தேன். இடது கால் பெடலைத் தரையோடு தரையாக அமுக்கிக்கொண்டிருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன. எத்தனை வருடமானாலும் அந்தக் கால் எனக்கு மறக்காது. நான் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். அதற்குள் ஆகிவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் கத்தவில்லை. பானட்டின் மேல் இரு கைகளையும் ஊன்றி, “சார், கொஞ்சம் பின்னாடி எடுங்க சார்” என்றார், கூட்டத்தில் வழி கேட்பவர்போல. அவருடைய முழங்கால் பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது.

நான் அப்போது அவருக்கு அருகில் ஓடியிருக்க வேண்டும். அதற்கு முன் அவளைப் பார்த்துச் சொன்னேன்: “கிளட்ச விட்டுட்டியே.”

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். “இல்லியே. அமுக்கினுதான கீறேன்.”

“விட்டுட்டே” என்றேன், அவருக்கும் கேட்கும்படி.

ஆலையில் ஒரு விபத்து நடந்தால் முதல் அறிக்கை என்னுடையதாக இருக்கும். பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் தொடங்குவேன்: எந்திரத்தை இயக்கியவரின் கவனக்குறைவு. அந்த ஆட்கள் வடக்கிலிருந்து ரயிலில் வந்த ஒப்பந்தத் தொழிலாளிகள். நான் எழுதியதைப் படிக்க அவர்களுக்குத் தெரியாது. அந்த வாக்கியங்களில் எத்தனை உண்மை என்று இன்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வாக்கியத்துக்கு என் வாய் பழகியிருந்தது. அதற்காக இது நியாயமாகிவிடாது.

மறுநாள் காலை, அவள் பக்கத்து வீட்டுக்காரரின் மனைவிக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போயிருந்தாள். நான் தனியாகக் காரைத் திறந்தேன். பெடலை அமுக்கி, அதற்கும் இருக்கைக்கும் நடுவில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு நிப்பிளைத் தளர்த்தினேன். சலைன் குழாய் முழுக்க நுரை. சோடா பாட்டிலைத் திறந்ததுபோலப் பொங்கியது.

எங்கிருந்து வந்தது என்று தொட்டியைத் துடைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. கிளட்சுக்குப் போகும் குழாய் தொட்டியின் அடியிலிருந்து கிளம்பவில்லை. பக்கவாட்டில், மேலே இருந்தது. கிளட்சில் கசிந்தாலும் பிரேக்குக்கு எண்ணெய் மிஞ்ச வேண்டும் என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். தொட்டி பாதிக்கு மேல் நிறைந்திருக்கிறது என்று நான் திருப்திப்பட்டபோது, கிளட்ச் குழாய் வெறும் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. கீழே குமிழி நின்றதை நான் பார்த்தேன்; மேலே புதுக்காற்று நுழைந்ததை அவள் கால் உணர்ந்தது. தொட்டியை விளிம்புவரை நிரப்பி மறுபடி ஏர் எடுத்தேன். பெடல் கல்போல ஆயிற்று. பாட்டிலில் சேர்ந்திருந்ததைக் கொல்லைப்புறச் சாக்கடையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டேன்.

அவள் மத்தியானம் வந்தாள். செருப்பைக் கழற்றாமலே கேட்டாள். “தொறந்து பாத்தீங்களா? காத்து இருந்திச்சா?”

“இல்ல. எல்லாம் சரியாத்தான் இருந்திச்சி.”

அவள் வாசலிலேயே நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். வலது காலிலிருந்து உடனே, இடது காலிலிருந்து மெதுவாக, அதைப் பார்த்துக்கொண்டே.

பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்குப் போகவில்லை. முழங்காலில் கம்பி வைத்தார்கள். கிரேனின் ஏணி ஏற முடியாமல் போயிற்று. துறைமுகக் கேட்டில் உட்காரும் வேலை கொடுத்தார்கள். அவள் பார்க்கப் போகும்போதெல்லாம், “உடுக்கா, கால் வழுக்கிடுச்சி, இன்னா பண்றது. நான் ஒண்ணும் நெனச்சிக்கல” என்பார். அவர் திட்டியிருந்தால் அவள் எதிர்த்துப் பேசியிருப்பாள். அந்த அன்புக்கு எதிரில் தலையாட்டிவிட்டு வந்தாள்.

கார் ஓட்டுவதை நிறுத்தினாள். அதை நான் எதிர்பார்த்திருந்தேன். ஆனால் அது அதோடு நிற்கவில்லை. மத்தியான வேளைகளில் நாற்காலியில் உட்கார்ந்து இடது பாதத்தைத் தரையில் அழுத்திப் பார்ப்பாள். அழுத்திவிட்டு, உண்மையில் அழுத்தியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். கடைக்குப் போய்வர வைத்திருந்த ஸ்கூட்டரையும் தன் மகளிர் சுயஉதவிக் குழுவில் ஒருத்திக்குக் கொடுத்தாள். மாடிப்படி ஏறுவதை விட்டாள். “இது என் பேச்சக் கேக்கறதில்ல” என்று காலைச் சுட்டி ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னாள், வீட்டில் ஒரு முரட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

பெங்களூரில் இருக்கும் மகன் வந்து சென்னையில் நரம்பு மருத்துவரிடம் கூட்டிப்போனான். ஊசி குத்தி, மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள். நரம்பில் குறை இல்லை என்றார்கள். நான் அந்த அறையில் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். “எப்ப ஆரம்பிச்சது?” என்று மருத்துவர் கேட்டார். அவள் கிளட்ச் கதையைச் சொன்னாள், நான் சொல்லிக்கொடுத்தபடி. அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். பயத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார். அதைச் சாப்பிட்டால் அவளுக்குப் பகலெல்லாம் தூக்கம்.

தங்கை பள்ளிப்பட்டிலிருந்து ஒரு நாள் வந்தாள். அந்தப் பக்கத்துத் தெலுங்கு வழக்கப்படி, அக்கா கணவனான என்னைப் பாவா என்றுதான் அழைப்பாள். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போவதைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “எங்கக்காவ இன்னா பண்ணீங்க பாவா?” என்றாள். வருத்தத்தில் கேட்டாள், குற்றம் சாட்டவில்லை. வயசாகுதில்ல என்றேன்.

சென்ற வருடம் காரைத் தேர்வாய் கண்டிகைப் பக்கத்து ஆள் ஒருவருக்கு விற்றோம். அவள் ஜன்னல் பக்கமே வரவில்லை. இந்த ஆண்டு தொடக்கத்தில் குளியலறையில் விழுந்தாள். ஈரத்தால் வழுக்கவில்லை. காலை எடுத்து வைக்கும்போது, அது வைக்குமா என்று யோசித்து நின்றுவிட்டாளாம். மகன் போனில், அம்மாவை அடுப்புக்குப் பக்கம் விடாதீர்கள், கேட்டைப் பூட்டியே வையுங்கள் என்றான்.

அன்று மாலை சொன்னேன். அவள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். குழாயில் வந்த நுரை, தொட்டி, நான் பார்த்த அவளுடைய இடது கால், வாசலில் நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் விடாமல் சொன்னேன். அவள் உரிப்பதை நிறுத்தாமல் கேட்டாள். முடித்ததும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

“டாக்டர் சொல்லிக் குடுத்தாரா, புள்ள சொன்னானா?”

“இன்னாது?”

“மனசு தேறட்டும்னு இப்டி சொல்லச் சொல்லி.”

“நெஜமா சொல்றேன். உன் மேல தப்பே இல்ல.”

“எனக்கும் அன்னிக்கு அப்டித்தான் இருந்திச்சி, அமுக்கினு இருந்த மாதிரி. அப்பறம் யோசிச்சேன். நீங்க பக்கத்துலயே நின்னுனு இருந்தீங்க. பாத்தது நீங்க. நீங்க ஏன் பொய் சொல்லப் போறீங்க?” மொச்சைத் தோலைத் திரட்டி முறத்தில் தள்ளினாள். “எனக்காகப் போய் பழிய ஏத்துக்கறீங்களே. உடுங்க.”

தொட்டியின் படத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டினேன். கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை என்றாள். கண்ணாடியை எடுத்துவந்து கொடுத்தேன். பார்த்துவிட்டு, நன்றாக வரைந்திருக்கிறீர்கள் என்றாள்.

பக்கத்து வீட்டுக்குப் போய் அவரிடமும் சொன்னேன். கம்பி வைத்த காலை நீட்டி உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். “அக்கா நெலம எனக்குத் தெரியும் சார். அவங்களுக்காக நீங்க இந்த வயசுல வந்து இப்டி சொல்றீங்க பாருங்க” என்று கண் கலங்கினார். அவர் மனைவி எனக்குக் காபி கொண்டுவந்தார். குடித்தேன். மகனிடம் போனில் சொன்னேன். நல்ல யோசனைப்பா, தொடர்ந்து சொல்லிக்கினு இருங்க என்றான்.

தொடர்ந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். தினமும் ஒருமுறையாவது. சரிங்க, சரிங்க என்கிறாள். இப்போதெல்லாம் கூடத்தைக் கடக்கும்போது நடுவில் நின்றுவிடுகிறாள், பிடிக்கச் சுவர் இல்லாத இடத்தில். இன்று காலையும் அப்படி நின்றாள். நான் எழுந்து பக்கத்தில் போனேன். அவள் தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

“எந்தக் கால மொதல்ல வெக்கணும், சொல்லுங்க.”

வலது கால் என்றேன். வைத்தாள். அடுத்ததற்கும் காத்து நின்றாள்.