கருடன் மேல் ஏறிய கற்பகம் அக்கா

திண்டிவனம் அருகே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில், கருடன் மேல் பறப்பது போன்ற ராட்டினத்தை வடிவமைத்தவன் நான். பைக் ஓட்டுபவர் போல இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்தால் இடுப்பில் பட்டை பூட்டிக்கொள்ளும். எதிர்த் திரையில் பனமலை ஏரி கீழே ஓடும்.

சோதனை ஓட்டத்தன்று, அங்கே கூட்டிப் பெருக்கும் கற்பகம் அக்கா, "நானும் ஒரு ரவுண்டு போய்க்கினு வர்றேன் சார்" என்றார். ஏறச் சொன்னேன். பட்டை பூட்டிவிட்டதாகக் கம்ப்யூட்டரில் பச்சை விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்திவிட்டேன்.

கருடன் பத்தடி உயர்ந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய இரண்டு கால்களும் ஒரே பக்கம் தொங்கின. பட்டை இடுப்பைப் பிடிக்காமல் புடவைக் கொசுவத்தை மட்டும் கவ்வியிருந்தது.

"வழுக்கிக்கினு போவுது சார்!" என்று கருடனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினார். உடனே நிறுத்தினேன். அது மெல்ல மெல்லத்தான் இறங்கியது.

இறங்கியவர் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "பொடவ கட்டிக்கினு பைக்ல இப்பிடித்தானே சார் குந்துவோம்? நீங்க ஒண்ணும் சொல்லலியே."

பேன்ட் போட்ட எங்கள் ஆட்களை மட்டுமே ஏற்றிச் சோதித்திருந்தேன். அப்பாவின் பைக்கில் என் அம்மா ஆயுசு முழுக்க ஒருபக்கமாகத்தான் உட்கார்ந்து போனார். இருக்கையை வரைந்த எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட அவர் என் நினைவுக்கு வரவில்லை.